உலை ஆறும் சத்தம்

மார்ச் 4

அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. பாப்பா தூங்கினால்தான் என் கை எனக்குச் சொந்தம். இப்போதுதான் தூங்கினாள். அவருக்கு இன்று ராத்திரி ஷிப்ட். 

நாம் கடைசியாகப் பேசியது போன மழைக்காலத்தில். தொழிற்சாலைக்கு அரசாங்க உதவி அறிவித்த பிறகும், "இதை நம்பி உட்காராதடி, பாப்பாவைத் தூக்கிட்டு இங்க வந்துடு" என்றாய். "உனக்குன்னு ஒரு குடும்பம் இருந்தாத்தானே இதெல்லாம் புரியும்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதிலேயே விடிந்துவிடும். இது அதைவிட அவசரம்.

போனில் சொல்ல வழியில்லை. வீட்டில் இப்போது ஒரே போன், அது அவர் சட்டைப்பையில். குவார்ட்டர்ஸ் சுவரும் உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் விக்கல் எடுத்தால் நாங்கள் தண்ணீர் தேடுவோம்.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடும். உலகத்தில் எவனிடமும் காசில்லை, அதனால் எவளும் சென்ட் வாங்குவதில்லை. சென்ட் விற்காவிட்டால் எங்கள் தொழிற்சாலையின் பாட்டில் எதற்கு? ஆர்டர் நின்றது. உங்கள் துறை காப்பாற்றியது. உலை எரிகிற தொழிற்சாலைக்கு எரிவாயுவும் முக்கால்வாசிச் சம்பளமும் அரசாங்கம் தரும், உலை அணைந்தால் அது மூடிய தொழிற்சாலை, ஒன்றும் கிடையாது என்று உத்தரவு. அது வந்த அன்று குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் குழாயடியில் கட்டிப்பிடித்து அழுதோம்.

ஆகவே உலை எரிகிறது. விற்க ஒன்றுமில்லாததால், காலையில் செய்கிற பாட்டிலை மாலையில் உடைத்து மறுபடி உலையில் கொட்டுகிறார்கள். கண்ணாடி நகர்ந்துகொண்டே இருக்கவேண்டுமாம். "ஒரே பாட்டிலை இந்த வாரம் நாலு தடவ பெத்தேன். பேறுகால லீவு கேட்கலாம்னு இருக்கேன்" என்று அவர் சிரிப்பார். நானும் சிரித்தேன், போன மாதம் வரை.

போன மாதம் அவருடைய இடது கை மட்டும் சிவந்திருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, வெயிலில் நின்ற மாதிரி. புருவத்தின் ஓரம் கருகியிருந்தது. கேட்டேன், மழுப்பினார். மறுபடி கேட்டேன்.

"சுவர் சிவக்குது" என்றார்.

உலையின் செங்கல் சுவர் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழம்பால் அரிக்கப்பட்டு வருஷா வருஷம் மெலிந்துகொண்டே போகும். சில வருஷத்துக்கு ஒருமுறை உலையை அணைத்து, செங்கல்லைப் பிரித்து, புதிதாகக் கட்டுவார்கள். எங்கள் உலைக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அணைத்தால் உதவி போய்விடும் என்று அணைக்காமல் ஓட்டுகிறார்கள். பின்பக்கச் சுவரில் ஓரிடம் வெளியிலிருந்து பார்த்தாலே சிவப்பாகத் தெரிகிறது. அதன் எதிரில் பெரிய புளோயர் ஒன்றை வைத்து இரவும் பகலும் காற்றடிக்கிறார்கள். காற்று பட்டுக்கொண்டே இருந்தால் சுவர் உடைந்து குழம்பு கொட்டாமல் தாங்குமாம். அந்தப் புளோயருக்குக் காவல் உன் தங்கை புருஷன்தான்.

"காத்து நின்னா?" என்றேன்.

"ஏன் நிக்கப் போகுது?" என்றார்.

குவார்ட்டர்ஸின் கடைசி வரிசைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்துதான். புளோயரின் இரைச்சல் எங்கள் சமையலறை வரை கேட்கும். படுத்திருக்கும்போது அந்த இரைச்சல் கொஞ்சம் தேய்ந்தால்கூட விழித்துக்கொள்கிறேன். எழுந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவருகில் நிற்கிறேன். எங்கே ஓடுவேன்? அவர் உள்ளே இருக்கும்போது எந்தப் பக்கம் ஓடுவேன்?

நீ அந்தத் துறையில்தான் இருக்கிறாய். செங்கல் மாற்றுவதற்காக அணைத்த உலையையும் எரிகிற உலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாதா? இது ஒன்றைத்தான் கேட்கிறேன். அவருக்குத் தெரியாது.

உன் தங்கை


மார்ச் 10

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கிற நிலையில் நாம் இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆர்டர் நின்றபோது எனக்கு எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? "எது நின்னாலும் உலை மட்டும் நிக்கக்கூடாது அக்கா. ஒரு தடவ அணைஞ்சா மறுபடி பத்தவைக்க எவனும் வரமாட்டான்." இந்த வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலைக்குக் கைகொடுப்பது, எதைக் கைவிடுவது என்று இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. உன் வரியை நான் கூட்டத்தில் படித்தேன். யாருடையது என்று சொல்லவில்லை.  எரிகிற உலையை வைத்து முடிவு செய்யலாம், போய்ப் பார்த்தால் தெரியும், ஏமாற்ற முடியாது என்று எங்கள் துறைப் பெரியவர் சொன்னார். நான்தான் அதை உத்தரவாக எழுதினேன். நீ கேட்டதுதான்டி உனக்குக் கிடைத்தது.

குத்திக்காட்ட எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை என்று சொல்ல வந்தேன், அது இப்படி வருகிறது. எனக்குக் குழைந்து பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

விதியை மாற்றலாம். ஆனால் "என் தங்கை பயப்படுகிறாள்" என்று மேலே சொல்ல முடியாது. உலை அபாயமாக இருக்கிறதென்று இங்கிருந்து யாராவது வந்து கண்ணால் பார்க்கவேண்டும். ஒரு குழுவை அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். உன் பெயர் எங்கும் வராது. நீ வாயைத் திறக்காமல் இரு.

பாப்பா என்னைக் கேட்கிறாளா? வேண்டாம், பதில் சொல்லாதே.

அக்கா


மார்ச் 16

அக்கா,

என்ன காரியம் செய்தாய்! வீட்டுக்கு அனுப்புகிற கடிதத்தை யாராவது அரசாங்க உறையில் போட்டு, அலுவலக முத்திரையும் குத்தி அனுப்புவார்களா? பழக்கதோஷத்தில் செய்திருப்பாய். தபால்காரர் நான் இல்லையென்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். அவள் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள், உறை எந்தத் தாள் என்று தடவிப்பார்த்தே சொல்வாள். "உங்களுக்கு அரசாங்கத்துல இருந்தெல்லாம் லெட்டர் வருது, பெரிய இடம்தான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பாப்பாவின் தடுப்பூசி விஷயம் என்று உளறினேன். இரண்டு நாள் கழித்து, குழு வருகிறது என்று மேனேஜருக்குத் தகவல் வந்தது.

அதிலிருந்து நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது. குடம் நிரம்புகிற சத்தம் மட்டும்தான். நேற்று ஒருத்தி என்னைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்: "நம்ம வயித்துல அடிக்கிறவ நல்லா இருக்கட்டும்."

அவர் வீட்டுக்கு வந்து, "எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். கையில கிடைச்சான்னா..." என்றார். நான் பாப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த தலையையே துவட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் இதற்காக எழுதவில்லை. அவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள், அக்கா. ஃபோர்மேனுக்குக் குரல் பெரிது என்பதால் எல்லோரும் சைரன் என்று கூப்பிடுவோம். அவருடைய யோசனை இது. குழு உள்ளே வரும்போது புளோயரை நிறுத்தி உருட்டிக்கொண்டு போய்ச் சரக்கு அறையில் வைத்துவிடவேண்டும். சிவந்த இடத்தின் முன்னால் பெயின்ட் அடித்த தகரத்தை நிறுத்திவிடவேண்டும். குழு போனதும் பழையபடி வைக்கவேண்டும். நேற்று கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சமையலறையில் நின்றிருந்தேன், இரைச்சல் நின்றது. கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. வாசலுக்கு ஓடினால் தெரு முழுக்கப் பெண்கள், இடுப்பில் குழந்தையோடு. அவர்களுக்கும் தெரியும்! இத்தனை நாளும் எல்லோரும் என்னைப்போலவே படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒருவரிடம் சொல்லவில்லை. இரைச்சல் திரும்ப வந்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போய்விட்டோம்.

தகரத்தின் பக்கத்தில் நிற்கப்போவது அவர்தான். "ஒரு மணி நேரம் தாங்கும், சைரன் சொல்லிட்டார்" என்கிறார்.

நீ நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டது. எப்படியாவது குழுவை நிறுத்து. அந்தச் சுவர் இருக்கிறபடி இருக்கட்டும். காற்றாவது அடித்துக்கொண்டிருக்கட்டும்.


மார்ச் 19

தங்கைக்கு,

உறை விஷயத்தில் தப்பு என்னுடையது. இதைக் கடையில் வாங்கிய உறையில் போடுகிறேன். முகவரியை வேறு ஒருவர் கையால் எழுத வைத்திருக்கிறேன்.

குழுவை நிறுத்த முடியாது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய். என்னால் முடிந்தது ஒன்றுதான், அதைச் செய்துவிட்டேன். குழுவில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். இருபத்தாறாம் தேதி வருகிறோம். உன் வீட்டுக்கு வரமாட்டேன், வந்தால் ஊருக்கே சொன்னதாகிவிடும்.

தகரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் எழுது. நேராக அதன் முன்னால் போய் நின்று, "இதை எடுங்கள்" என்று சொல்கிறேன். மற்றதைக் குழுக்காரர்கள் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

உன்னை ஒன்று கேட்கவேண்டும். காற்று இல்லாமல் அந்தச் சுவர் உண்மையில் எவ்வளவு நேரம் தாங்கும்? சைரன் சொன்னது வேண்டாம். உன் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார்?

அக்கா


மார்ச் 21

அக்கா,

உன் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் அவரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வர்ற குழுவுல அக்காவும் இருக்கா."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா?"

கை அப்படியே தட்டில் நின்றது. "அப்ப நீதானா எழுதுனது?"

"ஆமா."

கத்துவார் என்று பாப்பாவை முன்னாலேயே முன்னறையில் விளையாட விட்டிருந்தேன். அவர் கத்தவில்லை. பாதி சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"உங்க அக்காவை அந்தச் சுவர் பக்கம் வரவேண்டாம்னு எழுது. ஆபீஸ் ரூம்லயே உட்கார்ந்துக்கச் சொல்லு."

"ஏன்? நீங்க நிக்கலாம், அவ நிக்கக்கூடாதா?"

துண்டைக் கொடியில் போட்டார்.

"ஒரு மணி நேரம் தாங்கும்னீங்களே."

"தாங்கும்னு சைரன் சொன்னார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியலடி" என்றார்.

கல்யாணமானதிலிருந்து இந்த மனிதர் எனக்குத் தெரியாது என்று ஒரு விஷயத்துக்கும் சொன்னதில்லை. வழி தெரியாத ஊரில்கூட என்னைச் சுற்றவிட்டாரே தவிர, தெரியாது என்று சொல்லவில்லை. 

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இன்னும் வரவில்லை. யாரிடம் பேசப் போயிருக்கிறார், என்ன செய்யப்போகிறார், ஒன்றும் தெரியவில்லை. தகரம் பின்பக்கம், சரக்கு அறைக் கதவுக்கு நேர் எதிரில் இருக்கும். எழுதிவிட்டேன். ஆனால் நீ அங்கே நிற்காதே. என்னால் இரண்டு பேரை நினைத்துக்கொண்டு ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.


மார்ச் 28

தங்கைக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உன் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் வண்டி போனது. கொடியில் பாப்பாவின் கவுன் காய்ந்தது. பார்த்தேன்.

அவர் உனக்கு எவ்வளவு சொன்னாரோ தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தகரம் சிவந்த இடத்தை மறைக்காமல் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. புளோயர் இருந்த இடத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. உன் வீட்டுக்காரர் அதன் சுவிட்சுப் பெட்டியில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளி நின்று அந்த சைரன் கண்ணாலும் கையாலும் என்னென்னவோ ஜாடை காட்டினார். இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்னையும் யாரோ போலத்தான் பார்த்தார்.

எங்கள் பெரியவர், "என்ன இது, காது கிழியுது?" என்றார்.

"ஆளுங்களுக்குக் காத்து வேணுமில்ல சார்" என்றார் மேனேஜர்.

"ஆளுங்க இந்தப் பக்கம் இருக்காங்க. காத்து அந்தப் பக்கம் போகுதே?"

 அப்போது உன் வீட்டுக்காரர் சொன்னார்: "நிறுத்தினா எதுக்குன்னு தெரியும் சார். நிறுத்தட்டுமா?"

பெரியவர் சுவரைப் பார்த்தார். ஒரு நாற்காலி அகலத்துக்குச் செங்கல் பழுத்த இரும்புபோல இருந்தது. அவர் முட்டாளில்லை. சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்து, கதவைத் தாண்டிய பிறகுதான் திரும்பினார். உலையை உடனே வடித்து அணைக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு.

நான் கடைசியாக வந்தேன். கூட்டத்தில் வாசிக்கும்போது நன்றாக இருந்த என் உத்தரவு, அந்தச் சுவரின் முன்னால் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதிப் புரியவைக்க முடியாது.

இனி என் பாடு. பழுதுபார்க்க அணைத்த உலையும் எரிகிற உலைதான் என்ற திருத்தத்தை எழுதி மேலே வைத்துவிட்டேன். பெரியவர் ஒத்துக்கொண்டார். அவருக்கு மேலே இருப்பவர்கள் தயங்குகிறார்கள். இந்தக் கதவைத் திறந்தால் எல்லாத் தொழிற்சாலையும் பழுது என்று படுத்துக்கொள்ளும், அரசாங்கம் எத்தனை பேருக்குத்தான் சோறு போடும் என்கிறார்கள். கையெழுத்தாகும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். நீ அதை ஊரில் சொல்லிவிடுவாய், பிறகு எனக்குப் பொய் சொல்லவேண்டி வரும்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

மறுபடியும் எல்லோரும் தூங்குகிற நேரம்தான். தூங்குகிறார்கள் என்று எழுதிவிட்டேன், அப்படியொன்றும் இல்லை. எல்லா வீட்டு ஜன்னலிலும் வெளிச்சம் தெரிகிறது.

உலையை வடித்துவிட்டார்கள். அடியில் துளை திறந்து, குழம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார்கள். அவர்தான் துளைப் பக்கம் நின்றார். மேனேஜர் வேண்டுமென்றே அங்கே நிறுத்தினார் என்கிறார்கள். இரண்டு நாளும் நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. ஆவி குவார்ட்டர்ஸ் முழுக்கக் கவிந்தது. எதிர்வீடு தெரியவில்லை. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. பாப்பா பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பிறகு புளோயரை நிறுத்தினார்கள். இத்தனை நாளும் எது நின்றுவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேனோ, அது நின்றுவிட்டது. இனி ஆபத்தில்லை. ஆனால் பாப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து தொழிற்சாலைச் சத்தத்தில் தூங்கியவள். "அம்மா, காத்து எங்க?" என்று கேட்கிறாள்.

இப்போது வேறொரு சத்தம். உலை ஆறும்போது செங்கல் சுருங்குமாம். சுருங்கும்போது படீர், படீர் என்று வெடிக்கிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் யாராவது ஒரு வீட்டில் விளக்கைப் போடுகிறார்கள்.

ஆறிய பக்கத்திலிருந்து அவர் ஒரு செங்கல் துண்டைக் கொண்டுவந்தார். சிவந்திருந்த இடத்தினுடையது. கட்டும்போது அவருடைய முழங்கை நீளத்துக்குக் கனமாக இருந்ததாம். பாப்பாவின் கையைப் பிடித்து, சுண்டுவிரலை அதன் ஓரத்தில் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது, அக்கா. அந்த விரல் கனத்துக்கு அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் இவர். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தோள் நடுங்கியது. நான் விளக்கை அணைத்துவிட்டேன்.

நான் எழுதியது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் "நான்தான் எழுதச் சொன்னேன், அவளுக்கு என்ன தெரியும்" என்று இவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். சைரன் இவரோடு பேசுவதில்லை. ஆட்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள், வருகைப் பதிவு செய்கிறார்கள், குளிர்ந்துகொண்டிருக்கிற உலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். திருத்தம் வராவிட்டால் மாதக் கடைசியில் கேட்டைப் பூட்டிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். கோடி வீட்டுக்காரர்கள் நேற்றே கட்டிலை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

இன்று குழாயடியில் பக்கத்து வீட்டுப் பேக்கிங்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டத்தான் வருகிறாள் என்று குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகக் கேட்டாள்:

"உங்க அக்கா கையெழுத்து வாங்கிடுவாங்களா?"

"தெரியலையே" என்றேன்.

"எதுக்கும் கேட்டு ஒரு லெட்டர் போடு. எங்க வீட்டுலயும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு." கொஞ்சம் போய்விட்டுத் திரும்பினாள். "அரசாங்க உறையிலயே வரட்டும். இனிமே மறைக்க என்ன இருக்கு."

அதனால்தான் எழுதுகிறேன். அவர் உயிரோடு இருக்கிறார், அதற்கு உனக்கு நான் என்ன சொன்னாலும் போதாது. ஆனால் இத்தனை வீட்டு விளக்கும் என் ஒரு கடிதத்தால் எரிந்துகொண்டிருக்கிறது.  வாக்கு வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஆகிறது, ஆகவில்லை, எதுவானாலும் ஒரு வரி எழுது. ஆகவில்லையென்றால் அதை நானே என் வாயால் குழாயடியில் சொல்கிறேன்.

குடும்பம் பற்றி அன்று நான் சொன்னது உனக்கு இன்னும் வலிக்கும். பாப்பா உன்னைக் கேட்கிறாள். நீ சொல்லவேண்டாம் என்றாய், இருந்தாலும் சொல்கிறேன். "பெரியம்மா காத்து கொண்டு வருவாங்களா?" என்று கேட்டாள்.

இதோ, இப்போது ஒன்று வெடித்தது. எதிர்வீட்டில் விளக்கு வந்துவிட்டது.

சீக்கிரம் பதில் போடு அக்கா.

உன் தங்கை